ஜப்பான்காரனும் தண்ணீர் ஃபில்டரும்

குறும்பட விழாவின் செயலாளர் ஜெயசீலன் பொய் சொல்கிறார்.

இந்த ஆண்டு விழா மலரில் 'முதல் ஆண்டு நினைவுகள்' என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் என் படத்தைப் பற்றி ஒரு வரி: 'ஜப்பானியர் காலத்தைப் பற்றிய அந்த அருமையான படைப்பு, தோட்டத்து ரசிகர்களின் கூச்சலால் கெட்டுப்போனது.' அதே மலரில் இன்னொரு பக்கத்தில், 'ரசிகர்களின் ஒழுக்கத்தையும் படங்களின் தரத்தையும் கருதி' எங்கள் மாநிலத்துப் படங்களுக்கான நெகிரி பிரிவை இந்த ஆண்டிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்திருக்கிறார்.

அருமையான படைப்பாம். இந்தப் பதினைந்து வருடத்தில் அந்தப் படத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. அதைக் கெடுத்தது ரப்பர் தோட்டத்து ஜனங்கள் இல்லை. நான். நான் ஒருத்தியே முன்னின்று, திட்டம் போட்டு, கதவைப் பூட்டிக் கெடுத்தேன். அந்தப் பெருமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சுங்கை காடுட்டில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடர். முப்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிறவள் ஒரு படத்தையும் அதட்டியே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். (வாய் இருந்தது. மூளை பிறகுதான் வந்தது, அதுவும் தவணையில்.)

சிரம்பானில் முதன்முதலாகத் தமிழ்க் குறும்பட விழா நடத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். விண்ணப்பத்தில் 'நெகிரி பிரிவு' என்று ஒன்று இருந்தது. நம் மாநிலத்து ஆட்கள், நம் மாநிலத்திலேயே எடுத்த படங்களுக்கு மட்டும். குறைந்தது மூன்று படங்கள் வந்தால்தான் அந்தப் பிரிவு நடக்கும். நடந்தால், கலந்துகொண்டவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நல்ல கேமராவும், படத்தை வெட்டி ஒட்ட ஒரு கம்ப்யூட்டரும் ஒரு வருடத்துக்கு இரவல். மூன்று வராவிட்டால் கோலாலம்பூர் படங்களோடு நம்மையும் சேர்த்துவிடுவார்கள். அவர்களிடம் கிரேன் இருந்தது. எங்களிடம் ஏணி இருந்தது, அதுவும் கோயில் ஏணி.

விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். நெகிரியில் இருந்து வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். போர்டிக்சனில் பஸ் மெக்கானிக்காக இருந்த குமரேசன், சிரம்பானில் தாதிப் பயிற்சியில் இருந்த வேணி, நான். அதுவரை இந்த மாநிலத்தில் படம் எடுக்கும் பைத்தியம் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இன்னும் இரண்டு பைத்தியங்களைப் பார்த்ததில் அழுகையே வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சீக்கிரமே படத்தை முடித்துக் கொடுத்தும் விட்டார்கள். என்னுடையது கதையாக மட்டும் இருந்தது.

"அக்கா, நீங்க குடுக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் காலி லா" என்றான் குமரேசன்.

"குடுப்பேன்டா. நான் சொன்னா சொன்னதுதான்."

"எப்பக்கா?"

"எடுத்த பிறகு!"

கதை எங்கள் வீட்டில் கேட்டதுதான். ஜப்பான்காரன் காலத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தோட்டங்களில் சொல்வார்களாம். சோறு இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த ஜனங்கள், படமாவது பார்ப்போம் என்று போய் உட்காருவார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே லோரி நிற்கும். லோரியில் இருந்து ரயில், ரயிலில் இருந்து சயாம். அங்கே ரயில் பாதை போடும் வேலை. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். என் அப்பாவின் பெரியப்பா அப்படிப் போனவர். படம் பார்க்கப் போனவர் இன்னும் வரவில்லை.

இதைப் பன்னிரண்டு நிமிடப் படமாக எடுக்க வேண்டும். அதற்கு ஒரு மண்டபம், ஜப்பான் சிப்பாய்கள், மண்டபம் நிறைய ஜனம் வேண்டும்.

மண்டபம் கிடைத்தது. போர்டிக்சன் சாலையில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பழைய மண்டபம், ஜன்னலில் இரும்புக் கம்பி போட்டது. சிப்பாய்களுக்குத் தொழிற்சாலையில் வேலை செய்த சீனப் பையன்களைக் கேட்டேன். யாரும் அந்த உடுப்பைப் போட ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வீடுகளில் சொல்லப்படும் ஜப்பான் கதைகள் எங்களுடையதைவிடக் கொடியவை. ஆகவே பேக்கிங் பகுதியில் இருந்த நேப்பாளிகள் நாலு பேரைப் பிடித்தேன். அதிகாரியாக தீபக். உலகத்தில் அவனைவிடச் சாதுவான ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. 'பகேரோ' என்ற ஒரே ஒரு ஜப்பான் வசவைக் கற்றுக்கொடுத்தேன். ஒரு மாதம் பழகினான். கடைசிவரை அது, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பதுபோலத்தான் இருந்தது. திட்டி முடித்ததும் கும்பிடு வேறு போடுவான்.

மிச்சம் ஜனம். இங்கேதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது.

"மொதல்லயே சொல்லிருவோம்க்கா. கதவ சாத்துவோம், நீங்க பயந்த மாதிரி நடிக்கணும்னு" என்றான் குமரேசன். அவன்தான் கேமரா.

"சொன்னா நடிப்பாங்கடா. நடிச்சா பொய்யாத் தெரியும். சும்மா படம் பாக்க வாங்கன்னு கூப்புடுவோம். படம் ஓடுறப்ப சிப்பாய் வருவான், கதவு சாத்தும். உண்மையான முகம் கெடைக்கும்."

"உண்மையாவே பயந்துட்டா?"

"அதுதான்டா வேணும்!"

(இதைச் சொன்ன வாயிலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும். அன்று கை நீட்ட ஆள் இல்லை.)

தோட்டத்துச் சாமான் கடையில் ஓர் அட்டையை மாட்டினேன். 'இலவசப் படம். ஞாயிறு மாலை நாலு மணி. மண்டபத்தில். டீ, பிஸ்கட் உண்டு. கூட்டி வர லோரி வரும்.' எழுதிவிட்டு, ஜப்பான்காரன்கூட இப்படித்தான் எழுதியிருப்பான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

லோரி என் வீட்டுக்காரர் முனியாண்டியுடையது. கதவுக்கும் அவரே பொறுப்பு. வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு மூன்று முறை பாடம் சொன்னேன்.

"உள்ள எவ்வளவு சத்தம் கேட்டாலும் தெறக்கக் கூடாது. அழுவாங்க, கத்துவாங்க, கதவ இடிப்பாங்க. எல்லாம் படத்துக்கு. நான் மூணு தட்டு தட்டுவேன். அப்பத்தான் தெறக்கணும்."

"மூணு தட்டு" என்றார். என் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அது நல்ல குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பாய், சுடுதண்ணிப் போத்தல், முறுக்கு டின், கைக்குழந்தை எல்லாவற்றோடும் வந்துவிட்டார்கள். முன் வரிசையில் பாக்கியம் அக்கா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், ஐம்பது வயது. அவர் இந்த மர நிரையில் இருந்து கூப்பிட்டால் அடுத்த தோட்டத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் அவருடைய மாமியார் எல்லம்மா. கோயிலில் கேட்டு வாங்கிய புரொஜெக்டரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டோம். ஜனம் ரசிக்கத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் நான் கையைக் காட்டினேன்.

பின்வாசலில் இருந்து நாலு சிப்பாய்கள் துப்பாக்கியோடு (ரப்பர் மரக் கட்டை, கறுப்புச் சாயம்) உள்ளே வந்தார்கள். கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொண்டன. முன்னும் பின்னும் வெளியே பூட்டு விழுந்தது. தீபக் நடுவில் வந்து நின்று, "பகேரோ" என்றான், பணிவாக.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. எனக்குப் புல்லரித்தது. இதோ வரலாறு, இதோ பயம் என்று நினைத்தேன்.

பாக்கியம் அக்கா எழுந்தார்.

"ஏய்! வந்துட்டானுங்கடி மறுபடியும்! போன தடவ நீலச் சட்ட, இந்தத் தடவ காக்கியா? உடுப்ப மாத்திக்கிட்டு வந்தா எங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பின்னால் இருந்து ஒரு குரல்: "யாரும் கையெழுத்துப் போடாதீங்க! ஐசி நம்பர் குடுக்காதீங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தோட்டத்தை விட்டு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இந்தப் பத்து வருடத்தில் இலவச டீ, இலவசப் படம், அதிர்ஷ்டக் குலுக்கல் என்று தோட்டத்துக்கு வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஃபில்டர் விற்கிறவர்கள். ஜனத்தை உட்காரவைத்துப் படம் போடுவார்கள். நடுவில் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு இரண்டு தடியர்களை நிறுத்துவார்கள். வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, ஐசி என்கிற அடையாள அட்டை நம்பரைக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு இதே மண்டபத்தில், இதே நேரத்தில், இதே பிஸ்கட்டோடு அது நடந்திருக்கிறது. நான் அட்டையில் எழுதியதுகூட ஏறக்குறைய அவர்கள் எழுதியதேதான். ஆகவே அன்று ஜனங்கள் தயாராக வந்திருந்தார்கள்.

பாக்கியம் அக்கா தீபக்கின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என் ஃபில்டர் ஒழுகுதுடா! அஞ்சு வருஷம் கேரண்டின்னியே, அஞ்சு வாரம் தாங்கல!"

தீபக்குக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த பசார் (கடைத்தெரு) மலாயில் கதறினான்: "புக்கான் ஃபில்டர், காக்கா! சாயா ஜெப்புன்! சாயா ஜெப்புன்!" ஃபில்டர் இல்லை அக்கா, நான் ஜப்பான்காரன் என்று.

"ஜப்பான் சாமான்னு சொல்லித்தானேடா வித்தீங்க!"

அதோடு கூட்டம் எழுந்தது. ஜப்பான் ராணுவம் மூன்று நிமிடத்தில் தோற்றது. இரண்டு சிப்பாய்கள் மேடைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றான். தீபக்கின் துப்பாக்கி பாக்கியம் அக்காவின் கைக்குப் போயிற்று. நான் மேடையில் ஏறி, தொழிற்சாலையில் கத்துவதுபோலக் கத்தினேன்.

"எல்லாரும் உக்காருங்க! நான்தான் டைரக்டர்!"

"கம்பெனி டைரக்டரே வந்திருக்காடி! புடிங்கடி அவள!"

"அக்கா, நம்ம கோவிந்தன் மண்டோர் மகக்கா! சரோ!" என்று, கங்காணியாக இருந்த என் அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தேன்.

"மண்டோர் மகளா? நம்ம புள்ளயே நம்மகிட்ட ஃபில்டர் விக்க வந்திருக்கா பாத்தியா!"

கதவுக்கு ஓடினேன். மூன்று தட்டு தட்டினேன். அந்த நேரத்தில் நூறு பேர் அதே கதவை முப்பது தட்டு, முந்நூறு தட்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுப் பூரித்துப்போயிருக்கிறார். பெண்டாட்டி என்னமாக நடிக்க வைக்கிறாள், இது முடிய நேரமாகும் என்று கணக்குப் போட்டு, எல்லாருக்கும் பசிக்குமே என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கப் போய்விட்டார். சாவியோடு. தோட்டத்துக்குள் போன் லைனும் கிடைக்காது.

முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் நான் மேடையில் நின்று, என்னிடம் ஃபில்டர் இல்லை என்பதை நிரூபிக்க முயன்றுகொண்டிருந்தேன். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். புரொஜெக்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். குமரேசன் மட்டும் ஏணியின் உச்சியில் இருந்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அது வீரம் என்று பிற்பாடு சொன்னான். இறங்கப் பயம் என்பதுதான் உண்மை.

கடைசியில் கதவு திறந்தது. கையில் கறிபாப் பையோடு, வெளிச்சத்தில், என் வீட்டுக்காரர்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

கூட்டம் வெளியே போயிற்று. கறிபாப்பும் கூட்டத்தோடு போயிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். மறுபடி எடுக்க ஜனம் இல்லை. நேப்பாளிகளும் வர மறுத்துவிட்டார்கள். எடுத்ததை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எல்லா இடத்திலும் 'ஃபில்டர்' என்ற சத்தம். வேணிதான் சத்தத்தை அடைத்துப் பார்க்கச் சொன்னாள். சத்தம் போனதும் வேறு படமாக இருந்தது. கதவை இடிக்கும் கைகள், கம்பியைப் பிடித்த முகங்கள், ஆத்திரம். வெறும் மழைச் சத்தத்தைச் சேர்த்தால் ஒப்பேற்றிவிடலாம்.

அப்போது வேணி ஒரு மூலையைக் காட்டினாள்.

முன் வரிசையில் எல்லம்மா. கதவு சாத்திய அந்த நொடியில், மருமகள் எழுந்து கத்துவதற்கு முன்பே, அந்த அம்மா பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணை இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார். குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, முக்கால் மணி நேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். மண்டபத்தில் அவருக்கு மட்டும் அது ஃபில்டர் இல்லை.

இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான். உண்மையான பயம் வேண்டும் என்று கேட்டேன். கிடைத்துவிட்டது.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கதவ சாத்துனவ நீதானா?"

"ஆமாம்மா. தப்புத்தான்."

"எங்கப்பாவ அப்படித்தான் கூட்டிட்டுப் போனானுங்க. எனக்கு ஆறு வயசு. பெஞ்சுக்குக் கீழ என்னத் தள்ளிவிட்டுட்டு அவரு மட்டும் எந்திரிச்சு நின்னாரு."

"படத்துல நீங்க வர்ற எடத்த வெட்டிர்றேன்மா" என்றேன்.

"ஏன் வெட்டணும்? அன்னைக்கு எவனும் படம் புடிக்கல. இதாவது இருக்கட்டும். ஆனா கதவு தெறந்ததயும் காட்டு. பாக்குறவங்க மூச்சு விட வேணாமா?" கீரைக்காம்பை என் பக்கம் நீட்டினார். "இன்னொரு தடவ சாத்துன, வெளக்கமாறு பிஞ்சிரும், ஆமா."

அப்படியே செய்தேன். ஆகவே என் படத்தில் ஜப்பான் ஆட்சி முடிவுக்கு வருகிற இடத்தில், கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் கறிபாப்போடு வருவான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது படமாகக் கொடுத்தோம். நெகிரி பிரிவு நடந்தது. தோட்டத்து ஜனம் மொத்தமும் சிரம்பானுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் லோரியில் ஏற மாட்டோம் என்று பஸ் பிடித்து வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பாக்கியம் அக்கா முதலில் கதவுகளைச் சோதித்தார். பிறகு ஒரு கதவுக்குச் செருப்பை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. மழைச் சத்தம். திரையில் பாக்கியம் அக்கா வாயைத் திறக்கிறார். நாற்காலியில் இருந்த பாக்கியம் அக்கா, தாம் பேசியதைச் சத்தமில்லாமல் விடுவதா என்று, மண்டபம் அதிர அதே வசனத்தைப் பேசினார். "என் ஃபில்டர் ஒழுகுதுடா!" அடுத்து மற்றவர்கள். ஒருவர் விடாமல் அவரவர் வசனத்தை அவரவர் வாய் அசைவுக்குச் சரியாகப் பேசினார்கள். பின்வரிசையில் தீபக்கும் எழுந்து நின்று "சாயா ஜெப்புன்!" என்றான். கோலாலம்பூரில் இருந்து வந்த நடுவர் நாற்காலியில் இருந்து வழுக்கிக்கொண்டிருந்தார். நான் சீட்டுக்கு அடியில் போய்விட்டேன். ஜெயசீலன் மைக்கில் "அமைதி, அமைதி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இதுதான் அவர் எழுதியிருக்கும் கூச்சல்.

அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எல்லம்மா பெஞ்சுக்கு அடியில் இருக்கும் காட்சி வந்ததும், "ஏய், வாய மூடுங்கடி" என்றது பாக்கியம் அக்காதான். பிறகு அந்த மண்டபத்தில் மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கதவு திறந்து கறிபாப் வரும்வரை. அதற்குப் பிறகு ஜனம் சிரித்ததும் அழுததும் எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

நடுவர் என்னிடம் வந்து, "அந்தக் கறிபாப் எதைக் குறிக்கிறது?" என்று கேட்டார்.

"பசியை சார்" என்றேன்.

பரிசு கிடைக்கவில்லை. கேமரா கிடைத்தது. அதை வைத்து குமரேசன் அடுத்த வருடம் படம் எடுத்தான், வேணி எடுத்தாள், நான் கதவே இல்லாத கதையாகப் பார்த்து எடுத்தேன். பிரிவு வருடா வருடம் நடந்தது, இரவலும் தொடர்ந்தது. மூன்றாவது வருடம் பெயர் தெரியாத பிள்ளைகள் எல்லாம் கேமராவைக் கேட்டு வந்தார்கள். பாக்கியம் அக்கா ஏழு படத்தில் நடித்துவிட்டார், ஏழிலும் சொன்னதைப் பேச மாட்டார். இந்த மாநிலத்தில் இன்று கேமரா பிடிக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பிரிவின் வாசல் வழியாக வந்தவர்கள்.

எங்கள் வீட்டில் என் மானம் இன்னும் திரும்பி வரவில்லை. நான் எந்தக் கதவைச் சாத்தினாலும் என் மகள் கேட்கிறாள்: "ஃபில்டரா, சயாமாம்மா?" அவளுக்குச் சடங்கு வைத்து வீடு வீடாகப் போய் அழைத்தபோது, சொந்தக்காரர்கள் நாள், நேரம் கேட்கவில்லை. சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பிவிட்ட தீபக் வருடப்பிறப்புக்குப் போன் செய்தால் வணக்கம் சொல்வதில்லை. "சாயா ஜெப்புன், காக்கா" என்றுதான் தொடங்குகிறான்.

ஜெயசீலன் சார், ஜனத்தின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்லிக் கூப்பிட்டது நான், பூட்டியது நான். கோபம் வந்தால் என் பெயரைப் போட்டுத் திட்டுங்கள். அந்த ஜனம் வந்து உட்கார்ந்ததால்தான் முதல் ஆண்டு உங்கள் மண்டபம் நிறைந்தது. இந்த வருடம் நெகிரியில் இருந்து வந்த படங்கள் மூன்று இல்லை, பதினொன்று. அவற்றை எடுத்த பிள்ளைகளை எந்தப் படத்தையும் பார்க்காமலேயே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குத் தனியாகப் போன் பண்ணி விளக்கம் சொல்ல வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். விழா மேடையில் மைக்கைப் பிடித்து, அந்தப் பிள்ளைகள் முன்னால், தோட்டத்து ஜனம் முன்னால் சொல்லுங்கள்: அந்தப் பதினொன்றில் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தரமில்லை என்று முடிவு செய்தீர்கள்?